ரயிலில் லேப்டாப்போடு வேலை பார்ப்பவர்களுக்கு (ஜெர்மனி)

ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஆபீஸ் போய்வரும் புதியவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "சிக்னல் இருக்கிறது, ஆனாலும் மீட்டிங்கும் விபிஎன்னும் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கான பாதுகாப்பு இணைப்பு) அறுந்துகொண்டே இருக்கிறது, ஏன்?"

பாதி நேரம் சிக்னல் மேல் குற்றமில்லை. லேப்டாப் ஒரு நெட்வொர்க்கை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் அதன் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) மாறிவிடும். பழைய முகவரியில் நடந்துகொண்டிருந்த இணைப்பு அங்கேயே செத்துப்போகும். ரயில் வைஃபை தடுமாறியதும் ஹாட்ஸ்பாட், அது மங்கியதும் மறுபடி வைஃபை என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் நிலைக்காது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

என் ஓட்டு சொந்த ஹாட்ஸ்பாட்டுக்கு. போன் டவருக்கு டவர் தாவினாலும் முகவரி பொதுவாக அப்படியே இருக்கும். சுரங்கப்பாதையில் சில நொடி நின்றாலும் வெளியே வந்ததும் தொடரும். ரயில் வைஃபை 2017 முதல் இரண்டாம் வகுப்புக்கும் இலவசம்தான். மெயில் பார்க்கப் போதும், வீடியோ மீட்டிங்குக்கு நம்ப வேண்டாம். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது லேப்டாப் தானாக ரயில் வைஃபைக்குத் தாவாதபடி, அந்த வைஃபையின் 'ஆட்டோ கனெக்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

கட்டாயம் தாவித்தான் ஆக வேண்டுமென்றால் விபிஎன் எது என்று ஆபீஸ் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் வகை முகவரி மாற்றத்தைத் தாங்கும். ஐகேஇவி2 என்ற இன்னொரு வகைக்கும் இதற்கென்றே 2006-இல் மோபைக் என்ற நீட்டிப்பு வந்தது, ஆனால் அதை ஆன் செய்திருக்க வேண்டும். எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினியில் கட்டளை தட்டும் வழி) போட்டு வேலை செய்பவர்கள், முகவரி மாறினாலும் அறாத மோஷ் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு எடுரோம் இருக்கிறது. உங்கள் யுனிவர்சிட்டி கணக்கிலேயே வேறு ஊர், வேறு நாட்டு வளாகங்களிலும் வைஃபை கிடைக்கும். ஒன்றே ஒன்று, கிளம்பும் முன் உங்கள் வளாகத்திலேயே செட் செய்துவிடுங்கள். போன இடத்தில் நின்றுகொண்டு செட்டிங் தேடுவது பெரும்பாடு.

"அண்ணா, சுவிட்சர்லாந்தின் பாசல் வழியாகப் போகிறேன். ரோமிங் காசு பிடிக்குமா?"

பிடிக்கலாம், தம்பி. வீட்டுக் கட்டணத்திலேயே ரோமிங் என்ற விதி ஐரோப்பிய யூனியனுக்கும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனுக்கும் உண்டு. சுவிட்சர்லாந்து அதில் இல்லை. சில பிளான்களில் சேர்த்திருப்பார்கள், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொன்ஸ்டான்ஸ் மாதிரி எல்லை ஊர்களில் போன் தானாகவே சுவிஸ் டவரைப் பிடித்துவிடும். அங்கே ஜெர்மன் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஓடிபிக்காக ஊர் சிம் போட்டிருந்தால் அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு' (டேட்டா அளவோடுதான்) என்று குறித்தும் வையுங்கள், இல்லையென்றால் அப்டேட்டே பாதி டேட்டாவைத் தின்றுவிடும்.