ஸ்டேப்லரில் பட்ரஸ் மாட்டுவது: உங்கள் தியேட்டரில் எப்படி?

தொடக்கப் பதிவு: ஸ்க்ரப் நர்ஸ், லேப்ராஸ்கோபி தியேட்டர்

ஸ்லீவ் கேஸில், அதாவது எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவையில், ஸ்க்ரப் நிற்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். சர்ஜன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், இரைப்பையின் அடுத்த பகுதி கிராஸ்பரில் பிடிபட்டிருக்கிறது, நாமோ திசுவை ஸ்டேபிள் அடித்து வெட்டும் ஸ்டேப்லரின் இரண்டு தாடைகளிலும் பட்ரஸை, அதாவது ஸ்டேபிள் கோட்டுக்கு வலுவூட்டும் மெல்லிய பட்டையை, நேராக ஒட்டப் போராடிக்கொண்டிருக்கிறோம். ஒரு கேஸுக்கு ஐந்தாறு ரீலோட் (ஸ்டேபிள் நிரப்பிய மாற்றுப் பகுதி) ஆகும், ஒவ்வொன்றுக்கும் இதே வேலை திரும்ப வரும்.

நான் பழகியது ஜெல் தடவி ஒட்டும் வகையில். காய்ந்த தாடையில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் முதல் ஃபயர் (ஸ்டேபிள் அடிப்பது) முடிந்து வெளியே வரும் ஸ்டேப்லர் எங்கே காய்ந்திருக்கிறது? ரத்தமும் சளியும் அப்பியிருக்கும், பயன்படாத ஸ்டேபிள் ஒன்றிரண்டு தாடையில் தங்கியிருக்கும். அதைச் சலைனில் அலசி, உலர்ந்த காஸ் துணியில் துடைத்து, பிறகு ஒட்டினால்தான் நிற்கும். அவசரத்தில் துடைப்பதைக் குறைத்தால், கருவிகள் வயிற்றுக்குள் போகும் குழாயான 12 மி.மீ. டிரோகாருக்குள் நுழையும்போதே பட்டையின் ஓரம் மடங்கிவிடும், அப்புறம் வெளியே எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பட்டை நழுவினால் எல்லோரும் முதலில் நர்ஸின் கையைத்தான் பார்க்கிறார்கள். இது எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆதங்கம். ஈரமான இடத்தில் வேலை செய்ய வேண்டிய பொருள் காய்ந்த இடத்தில் மட்டும்தான் ஒட்டும் என்றால், குறை அதை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது.

பிறகு ஒரு தட்டின் இரு பக்கமும் பட்டை வைத்த வகை கைக்கு வந்தது. தாடைகளுக்கு நடுவே தட்டை நுழைத்து, மூடித் திறந்தால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது. நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். தியேட்டரில் குரல் உயர்வதே குறைந்துவிட்டது. மற்றவர்கள் அனுபவம் என்ன?

பதில்: நெஞ்சக அறுவை மருத்துவர்

சிஸ்டர், நீங்கள் சொல்வது நுரையீரலுக்கு இன்னும் பொருந்தும். எம்ஃபிசீமா (காற்றுப்பைகள் சிதையும் நோய்) வந்த நுரையீரல் நைந்த துணி மாதிரி, ஸ்டேபிள் குத்திய துளையிலிருந்தே காற்று கசியும். 1994-இல் ஜோயல் கூப்பர் ஸ்டேபிள் கோட்டுக்கு மாட்டின் இதய உறையைப் பட்டையாக வைத்துக் கசிவைக் குறைக்கும் முறையை எழுதினார், அதன் பிறகுதான் இந்தப் பழக்கம் எங்கள் துறையில் பரவியது. அந்தப் பட்டைகள் நல்ல உறுதி, ஆனால் கரையாது. இப்போது பாலிகிளைகோலிக் அமிலம் சார்ந்த கரையும் வகைகளை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு மாட்டும் நேரத்தைவிட பெரிய கவலை, ஃபயர் ஆன பிறகு பட்டை தாடையை விட்டுப் பிரிகிறதா என்பதுதான். பிரியாத பட்டையோடு ஸ்டேப்லரை இழுத்தால் நைந்த நுரையீரலில் புதுக் கிழிசல் விழும். தாடையைத் திறந்ததும் நான் இழுப்பதில்லை. லேசாக முன்னும் பின்னும் அசைத்து, பட்டை முழுதாகத் திசுவோடு போய்விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே எடுக்கிறேன்.

பதில்: ஸ்டேப்லர் வடிவமைப்பில் இருப்பவன்

டாக்டர் சொன்ன இடத்தில்தான் எங்களுக்கும் சிக்கல். டிரோகாரில் உரசும்போதும், தாடைக்கு நடுவே திசு நகரும்போதும் பட்டை இறுக்கமாக நிற்க வேண்டும். ஃபயர் முடிந்த அடுத்த கணம் அதே பட்டை தானாக விட்டுவிட வேண்டும். பசையைக் கூட்டினால் முதல் தேவை நிறைவேறும், இரண்டாவது கெடும். குறைத்தால் நேர்மாறு. பசையை மட்டும் நம்பாமல் பட்டையின் நுனிகளை மெல்லிய நூலால் தாடையில் கட்டி, ஸ்டேப்லரின் கத்தி ஓடும்போதே அந்தக் கட்டு விடுபடும்படி செய்யும் யோசனை அதனால்தான் வந்தது. பட்டையைத் தொழிற்சாலையிலேயே ரீலோடில் பொருத்தி அனுப்பவும் அதனால் முடிகிறது. நர்ஸ் பெட்டியைப் பிரித்து மாட்டினால் போதும். ஆனால் ஒன்று, கத்தி கடைசிவரை ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நுனி தாடையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும்.

1908-இல் புடாபெஸ்டில் ஹுமர் ஹுல்ட்ல் பயன்படுத்திய முதல் ஸ்டேப்லர் மூன்றரை கிலோவுக்கு மேல், கோத்துத் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் பிடித்ததாம். 1921-இல் அலடார் பெட்ஸ் அதை எளிமையாக்கிய பிறகுதான் மற்ற சர்ஜன்களும் எடுத்தார்கள். வேலை மேசையில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும் செய்தி இது.

பதில்: பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை) பயிற்சியில் இருப்பவர்

மாட்டுவது எளிதானதும் ஒரு ஆபத்து கூடவே வருகிறது: யோசிக்காமல் எல்லா ரீலோடிலும் போட்டுவிடுகிறோம். பட்டைக்கும் தடிமன் உண்டு, அதுவும் இரண்டு பக்கமும். ரீலோடின் நிறம் ஸ்டேபிள் உயரத்தைக் குறிக்கும்: மூடிய ஸ்டேபிள் நீலத்தில் சுமார் 1.5 மி.மீ., பச்சையில் 2 மி.மீ. பட்டை இல்லாமல் நீலம் சரியாக இருக்கும் இடத்தில், பட்டையோடு நீலம் போட்டால் ஸ்டேபிள் முழு வடிவம் எடுக்காமல் போகலாம். இரைப்பையின் கீழ்ப்பகுதி தடிமன் என்பதால் அங்கே பெரிய உயரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூடிவிட்டுச் சில விநாடி பொறுத்து, திசு அமுங்கிய பிறகு ஃபயர் செய்கிறோம். பட்டையால் ரத்தக் கசிவு குறைவதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். லீக், அதாவது ஸ்டேபிள் கோடு விட்டு இரைப்பையில் உள்ளது வெளியே கசிவது, குறைகிறதா என்பதில் சீனியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, அதனால் பட்டை இருக்கிறது என்று லீக் டெஸ்டை விடுவதில்லை.

சிஸ்டர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உள்ளே கழன்று விழுந்த பட்டையை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

தொடக்கப் பதிவர்

கரையும் வகைதானே என்று உள்ளே விட்டுவிடக் கூடாது, டாக்டர். தனியாகக் கிடக்கும் துண்டு ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் தியேட்டரில் காஸ் எண்ணும் பலகையிலேயே பட்டைக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டோம். ஒவ்வொரு ஃபயருக்குப் பிறகும் தாடையை எனக்குத் திருப்பிக் காட்டச் சொல்வேன். வெறும் தாடையாக வந்தால், கேமராவில் கோட்டின் இரண்டு பக்கமும் பட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ரீலோடைக் கையில் கொடுப்பேன். தெரியாவிட்டால் தேடி எடுக்கும்வரை கொடுப்பதில்லை, எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.