நியூக்ளியர் மெடிசின் பிரிவில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு: உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் நிகழ்வு எது?

பெட்-சிடி டெக்னாலஜிஸ்ட்

பெட் ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்தான எஃப்டிஜியை ஊசியாகப் போடும் அறையில் நான் பார்த்தது இது. கதிரியக்க மருந்து தயாராகும் ஹாட் லேபிலிருந்து, கதிரைத் தடுக்கும் டங்ஸ்டன் ஷீல்டோடு வந்த சிரிஞ்சை, மூத்த டெக்னாலஜிஸ்ட் ஒருவர் ஷீல்டிலிருந்து உருவி வெறும் கையில் பிடித்துக்கொண்டார். ஷீல்டு இருந்தால் இரத்தம் சிரிஞ்சுக்குள் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை, வேலையும் தாமதமாகிறது என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் மருந்து நிறைந்திருந்த பகுதியின் மேலேயே அழுந்தியிருந்தன. விரலில் ஏறும் கதிர்வீச்சை அளக்க அவர் அணிந்திருக்க வேண்டிய மோதிர டிஎல்டியோ உறைகூடப் பிரிக்கப்படாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. காலாண்டு அறிக்கை வந்தபோது, கைக்கான கதிர்வீச்சு அளவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது. அந்தத் தாளைப் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் நீட்டி, "பாருங்கள், எனக்கு எதுவும் ஏறவில்லை" என்று அவர் சொன்னதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செவிலியர், அயோடின் ஐசோலேஷன் வார்டு

எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். தைராய்டு புற்றுநோய்க்காகக் கதிரியக்க மருந்தான அயோடின்-131 எடுத்துக்கொண்ட நோயாளி அன்று காலையில்தான் வீடு திரும்பியிருந்தார். வழக்கமாக வரும் தூய்மைப் பணியாளர் விடுப்பில் இருந்ததால், ஒப்பந்த மேற்பார்வையாளர் வேறு தளத்திலிருந்து ஓர் அம்மாவை அனுப்பிவிட்டார். அவர் படுக்கை விரிப்பையும் தலையணை உறைகளையும் சுருட்டி, இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். அந்த மருந்து கலந்த வியர்வையும் எச்சிலும் சிறுநீரும் பட்ட துணிகள் அவை. எதிரே வந்த ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்) கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை அவர் பக்கம் திருப்பியதும் அது விடாமல் ஒலிக்கத் தொடங்கியது. அந்த அம்மா நடுங்கிப்போய், "சார், நான் எதையும் எடுக்கலையே சார்" என்றார்.

தன்மீது திருட்டுப் பழி விழுகிறது என்றே அவர் நினைத்துவிட்டார். கைகளைக் கழுவச் செய்து, சீருடையை மாற்றி, மீண்டும் அளந்து பார்த்து, ஆபத்தில்லை என்று உறுதி செய்துதான் அனுப்பினோம். அறைக் கதவில் எச்சரிக்கைச் சின்னம் இல்லாமல் இல்லை. அதன் பொருளை அவருக்கு ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை என்பதே என் வேதனை.

மருத்துவ இயற்பியலாளர்

முதலில் எழுதியவர் மூத்தவரின் அலட்சியம் என்பதோடு நிறுத்திக்கொண்டதை நான் ஏற்கவில்லை. காலையிலிருந்து வரிசையாக நோயாளிகள் காத்திருக்க, ஊசி போட ஒரே ஒருவரை வைத்திருக்கும் பிரிவில் ஷீல்டு கழன்றுதான் போகும். நான் கண்ட நிகழ்வு சிறியது: ஊசி போட்டு முடித்த பெட் ஸ்கேன் நோயாளியின் தோளை ஒட்டி நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்த ஊழியரை விலகச் சொன்னேன். "ஏப்ரன் போட்டிருக்கிறேனே சார்" என்று பதில் வந்தது.

ஈய ஏப்ரன் எக்ஸ்ரே அறைக்கு ஏற்றது. காமா கேமரா ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீசியம்-99எம் வெளியிடும் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரைக்கூட அது ஓரளவு குறைக்கும். எஃப்டிஜியில் உள்ள ஃப்ளூரின்-18இன் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு முன்னால் அரை மில்லிமீட்டர் ஈயம் ஏறத்தாழ இல்லாததற்குச் சமம். அங்கே நம்மைக் காப்பவை தொலைவும் நேரமும்தான். இரண்டு மடங்கு விலகி நின்றால் அளவு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். நோயாளியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஊசிக்கு முன்பே சொல்லி முடியுங்கள். கேனுலாவை (நரம்பில் பொருத்தும் மெல்லிய குழாயை) முதலில் போட்டு, சலைன் செலுத்தி, வழி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மருந்தைக் கொண்டுவந்தால், இரத்தம் திரும்புகிறதா என்று பார்க்க ஷீல்டைக் கழற்றும் தேவையே எழாது. மோதிர டிஎல்டியை ஆட்காட்டி விரலின் அடிப்பகுதியில், உணரும் பக்கம் உள்ளங்கையை நோக்கியிருக்கும்படி, கையுறைக்குள் அணியுங்கள். அப்போதும் விரல் நுனியில் ஏறும் அளவு மோதிரம் காட்டுவதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள். கைகளுக்கான ஆண்டு வரம்பு 500 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு). உடல் முழுமைக்கும் ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. இழுப்பறையில் கிடக்கும் டிஎல்டி இந்த வரம்புகளில் எதையும் ஒருபோதும் தாண்டாது, ஆகவே அந்த அறிக்கையை ஆர்எஸ்ஓ அப்படியே கோப்பில் சேர்த்திருந்தால் அதுவும் தவறுதான்.

காமா கேமரா டெக்னாலஜிஸ்ட்

நீங்கள் எல்லோரும் அச்சமின்மையைப் பற்றி எழுதுகிறீர்கள். அச்சம் செய்யும் கொடுமையையும் நான் பார்த்திருக்கிறேன். போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) முடிந்த மறுநாள் ஒரு பெரியவரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்ததால் அவரால் எழுந்து நடக்க இயலாது. காலைச் சிற்றுண்டியும் வலி மாத்திரையும் அறை வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தன. கட்டிலிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க" என்றார் அவர். செவிலியரிடம் கேட்டபோது, "அவருக்கு ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்களாமே" என்றார்.

அந்த ஸ்கேனுக்குச் செலுத்தும் டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், ஆறு மணி நேரம். ஒரு நாள் கழிந்தால், சிறுநீரில் வெளியேறியதைக் கணக்கில் சேர்க்காமலேயே, பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கும். அயோடின் வார்டுக்குரிய விதியை யாரோ அரைகுறையாகச் சொல்லிவைக்க, அது இந்தப் பெரியவரின் மாத்திரையை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

செவிலியர், அயோடின் ஐசோலேஷன் வார்டு

மேலே எழுதியவருக்கு: அந்தச் செவிலியரை நான் முழுமையாகக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் முடிந்து நோயாளியை வார்டுக்குத் திருப்பி அனுப்பும்போது, என்ன மருந்து, எத்தனை மணிக்குச் செலுத்தப்பட்டது, எவ்வளவு நேரத்துக்கு எந்தக் கவனம் தேவை என்று கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதுவது உங்கள் பிரிவின் பொறுப்பல்லவா? எங்களுக்கு அப்படி எழுதி வருவது அரிது.

காமா கேமரா டெக்னாலஜிஸ்ட்

நியாயமான கேள்வி. அந்தப் பெரியவரின் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தேன். "போன் ஸ்கேன் முடிந்தது" என்பதைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. இப்போது எங்கள் பிரிவில் மருந்து, நேரம், கவனிக்க வேண்டியவை ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிட்ட சீட்டாகக் கேஸ் ஷீட்டோடு இணைத்து அனுப்புகிறோம். உங்கள் வார்டின் தூய்மைப் பணியாளர்களுக்கும் அதேபோல் ஒன்று தயாரிக்க விரும்பினால், எங்கள் சீட்டின் வாசகத்தை இங்கேயே பகிர்கிறேன்.