கொலுசுப் பட்டறை குடும்பம்: நந்து டிக்கெட் விஷயம்

அம்மா: நந்துக்கு இத்தாலிலருந்து லெட்டர் வந்துருச்சு!! ட்ரியெஸ்ட்ல ஜியாமெட்ரி மாநாடு. ரூம் சாப்பாடு அவங்களே. பிளைட்டுக்குத்தான் நாம பாக்கணும், யாரால எவ்ளோ முடியும்னு சொல்லுங்க

ஏற்காடு அத்தை: என் கண்ணு!!

செந்தில் மாமா: ஜியாமெட்ரின்னா காம்பஸ் பாக்ஸா

நந்து: இல்ல மாமா. வளைஞ்ச பரப்பு. அதுல முக்கோணம் போட்டா மூணு கோணமும் சேந்து 180 வராது

செந்தில் மாமா: பத்தாவதுல நானும் அதத்தான் எழுதினேன். வாத்தியார் முட்டை போட்டாரு

வாத்தியார் பெரியப்பா: நீ எழுதினது 270. அது உருண்டை மேல வரும், பரீட்சை பேப்பர் மேல வராது. எல்லாரும் கேளுங்க, நந்து போறது சாதாரண எடமில்ல, பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964ல ஆரம்பிச்ச ஐசிடிபிங்கற ஆராய்ச்சி மையம், நம்மள மாதிரி நாட்டுப் பிள்ளைங்க பெரிய ஆளுங்ககூட ஒக்காந்து படிக்கணும்னே ஆரம்பிச்சது, ராமானுஜத்துக்கே 1914ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி வருஷத்துக்கு 250 பவுண்டு குடுத்துதான் கப்பல் ஏத்துச்சு, மொதல்ல அவங்கம்மா விடல, அப்பறம் நாமகிரித் தாயார் கனவுல வந்து தடுக்காதன்னு சொன்னதா சொல்லுவாங்க, அந்த நாமக்கல் நமக்கு எவ்ளோ பக்கம், அதனால நான் சொல்ல வர்றது

ஏற்காடு அத்தை: அப்ப ஞாயித்துக்கெழம நாமக்கல் போயிரலாம். அப்படியே ஆஞ்சநேயருக்கு வடமாலை

குகை சித்தப்பா: வேன் சொல்லட்டா

நந்து: டெல்லில ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கற கவர்மெண்ட் அமைப்பு ஏஎன்ஆர்எஃப்-க்கு பிளைட் காசு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன், முன்ன எஸ்இஆர்பின்னு இருந்ததே அதுதான். கெடச்சாலும் போயிட்டு வந்து பில்லு அனுப்பினாத்தான் காசு. இப்ப கைலருந்து போடணும். ஐரோப்பா போற ஷெங்கன் விசா பீஸே 90 யூரோ, 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ் வேற காட்டணும், சென்னை போயி கைரேகை வெக்கணும்

செந்தில் மாமா: ராமானுஜத்துகிட்ட பில்லு கேட்டாங்களா

அம்மா: இந்த மாச சீட்ட நந்துக்கு விட்டுறலாமே

குகை சித்தப்பா: அது எனக்குன்னு போன மாசமே பேசினது அண்ணி. தளம் போடணும், கம்பி எறக்கியாச்சு

அம்மா: பட்டறைய வித்தப்பவும் பேசினது பேசினதுன்னுதான் சொன்னீங்க தம்பி

குகை சித்தப்பா: அத ஏன் இங்க

ஏற்காடு அத்தை: வேன் ஏசியா

வாத்தியார் பெரியப்பா: பென்சன்ல நான் 20,000 தர்றேன். திருப்ப வேண்டாம்

செந்தில் மாமா: எனக்கு முட்டை, அவளுக்கு இருபதாயிரம். சரி நான் பத்து. டெல்லி காசு வந்தா குடு பாப்பா

குகை சித்தப்பா: சீட்டு விஷயம் ஞாயித்துக்கெழம வேன்ல பேசிக்கலாம்

நந்து: அதுக்குள்ள டிக்கெட் வெல ஏறிரும் சித்தப்பா

ஏற்காடு அத்தை: வடமாலைக்கு முன்னாடியே சொல்லி வெக்கணுமாமே, யாருக்காச்சும் தெரியுமா