கேட்பதற்கு முன்பே அறிந்திருக்கிறவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

தாமிரபரணிக்கரை:
போன ஞாயிறு எங்கள் சபையில் எசேக்கியா ராஜாவைப் பற்றிப் பிரசங்கம். வியாதியாய்க் கிடக்கிறவரிடம், நீ பிழைக்கமாட்டாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார், ஆயுசில் 15 வருஷம் கூடுகிறது. "நீங்களும் விடாமல் கேளுங்கள், கர்த்தர் தீர்ப்பை மாற்றுவார்" என்று போதகர் முடித்தார். எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நாம் கேட்பதற்கு முன்பே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8-இல் இயேசுவே சொல்கிறார். தெரிந்தவருக்கு முழு இரவு ஜெபத்தில் எதற்குப் பட்டியல் வாசிக்க வேண்டும்? விசா, வரன், வீட்டு லோன், மெடிக்கல் சீட்... சபையில் ஜெபக் குறிப்புப் பெட்டியைத் திறந்தால் இதுதான் இருக்கும். நம்மை அவருடைய சித்தத்துக்குள் கொண்டுவருவதுதான் ஜெபத்தின் வேலை என்பது என் வாதம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்தபோது நடந்தது அதுதான்.

எஸ்தர்சித்தி:
தம்பி, கெத்செமனே ஜெபத்தின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். "உம்முடைய சித்தம்" வருவதற்கு முன்னால் "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று இருக்கிறதே! தேவகுமாரனே கேட்டார், மூன்று தரம் கேட்டார். நீங்கள் காட்டும் 6:8-க்கு மூன்று வசனம் தள்ளி, அதே வாயால் "அன்றாட அப்பத்தைத் தாரும்" என்று கேட்கச் சொல்லித் தருகிறார். பிதாவுக்குத் தெரியும் என்பதைக் கேட்காமலிருக்கக் காரணமாக அவர் சொல்லவில்லை. பயப்படாமல், சுருக்கமாகக் கேள் என்பதற்குக் காரணமாகச் சொன்னார்.

சோதோம் பட்டணத்தை அழிக்க வேண்டாம் என்று ஆபிரகாம், 50 நீதிமான்கள் இருந்தால் என்று ஆரம்பித்து 10 பேர் வரைக்கும் இறங்கி வந்து பேசினார். மோசே ஜனங்களுக்காகப் பரிந்து பேசினபோது கர்த்தர் செய்ய நினைத்த தீங்கைச் செய்யவில்லை என்று யாத்திராகமம் 32 சொல்கிறது. இதையெல்லாம் எங்கே வைப்பீர்கள்?

இன்னொன்று. எங்கள் வீட்டு மாடியில் நடக்கிற ஜெபத்துக்கு வருகிறவர்களில் பீடி சுற்றுகிற பெண்கள் அதிகம். கூலி தள்ளிப்போன வாரத்தில் அவர்கள் அரிசிக்காகத்தான் ஜெபிக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர்களுக்கு, கேட்பது கீழ்த்தரமான ஜெபம் என்று சொல்வது சுலபம்.

கேள்விக்குறி:
நான் ஞாயிறுப் பள்ளியில் வளர்ந்தவன், இப்போது விசுவாசி இல்லை. கேட்டால் நடக்கும் என்கிறீர்கள், சரி, அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்த ஆய்வு, 2006-இல் வெளியானது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகள், மூன்று குழுக்கள். தங்களுக்காக ஜெபிக்கிறார்களா என்று உறுதியாகத் தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்ட குழுவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, ஜெபிக்கப்படாத குழுவில் 51. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்ட குழுவில் 59. பணம் கொடுத்தது மதத்தை மதிக்கிற டெம்பிள்டன் அறக்கட்டளை, எதிரிகள் இல்லை.

நவநாள் பக்தன்:
கத்தோலிக்கன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த ஆய்வில் எப்படிச் செபித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். நோயாளியின் முதற்பெயரும் ஓர் எழுத்தும் மட்டும் கொடுத்தார்கள். சிக்கலில்லாமல் விரைவில் குணமாக வேண்டும் என்ற வாசகத்தையும் ஆய்வாளர்களே கொடுத்து 14 நாள் செபிக்கச் சொன்னார்கள். ஜெபிக்கப்படாத குழுவில் இருந்தவர்களுக்கு அவரவர் மனைவியும் பிள்ளைகளும் செபிக்காமலா இருந்திருப்பார்கள்? மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது போல மன்றாட்டை வைத்துப் பார்க்க முடியாது.

தாமிரபரணிக்கரை சகோதரரின் கேள்வி பழையது. ஏறக்குறைய 412-இல் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் புனித அகுஸ்தினார் இதே கேள்வியை எடுக்கிறார். இறைவன் தரப்போவதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை விரிய வேண்டும், அதற்காகவே கேட்கச் சொல்கிறார் என்பது அவர் பதில். தோமா அக்குவினா இன்னும் ஒருபடி போகிறார்: நாம் செபிப்பது இறைவனின் ஏற்பாட்டை மாற்ற இல்லை, செபத்தின் வழியாகத் தரவேண்டும் என்று அவர் ஏற்கெனவே வைத்திருப்பதைப் பெற. உழவனின் உழைப்பு விளைச்சலுக்குக் காரணமாக இருப்பதுபோல மன்றாட்டும் ஒரு காரணம். அப்படிப் பார்த்தால் உங்கள் இருவர் சண்டையும் பாதி தீர்ந்துவிடும்.

கேள்விக்குறி:
அழகாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், நடந்தால் ஜெபத்தின் வழியாகத் தர வைத்திருந்தார், நடக்காவிட்டால் வைத்திருக்கவில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் நீங்கள் தோற்கமாட்டீர்கள். தோற்பது யார் தெரியுமா? நோயாளியின் வீட்டுக்காரர்கள். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தபோது ஒரு ஜெபக்குழு வாராவாரம் வந்தது. தலையில் கை வைத்துச் "சுகமாயிற்று" என்று அறிவித்துவிட்டுப் போவார்கள். அம்மா இறந்த பிறகு, வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது என்று அப்பாவிடமே சொன்னார்கள். அப்பா அதற்கப்புறம் வருஷக்கணக்கில் தன்னைத்தானே கிளறிக்கொண்டிருந்தார். கேட்கிற ஜெபத்தை மையத்தில் வைத்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

எஸ்தர்சித்தி:
தம்பி, உங்கள் அப்பாவிடம் அப்படிச் சொன்னது பாவம். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். நானும் பெந்தெகொஸ்தே சபைதான், அந்தப் பேச்சு எங்கள் மத்தியில் இருக்கிறது, அதை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வார்? 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே! யோபுவிடம் "நீ பாவம் செய்தாய்" என்று சொன்ன சிநேகிதர்கள்மேல்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது, கத்தி முறையிட்ட யோபுவின்மேல் இல்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்கவில்லை, அறிவித்தார்கள். கேட்கிறவனுக்குப் பதில் தன் கையில் இல்லை என்று தெரியும். கேட்கிற ஜெபத்தை அந்த வீட்டிலிருந்து துரத்தினதே அவர்கள்தான்.

தாமிரபரணிக்கரை:
சித்தி, நீங்கள் கொடுத்த பவுல் என் பக்கம்தான் வருகிறார். முள் போகவில்லை, பவுல் மாறினார். நம் மாவட்டத்திலேயே பாருங்கள். டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். சுற்றிலும் அத்தனை பிள்ளைகள் ஜெபித்தும் பழையபடி நடமாட்டம் திரும்பவில்லை. 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்தான். அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். ஜெபம் செய்தது அதைத்தான்.

எஸ்தர்சித்தி:
டோனாவூரை எடுத்தால் முழுசாக எடுங்கள். அந்த அம்மா மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டு, கர்த்தரிடம் கேட்டே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். கோயில்களிலிருந்து காப்பாற்றப்பட்ட குழந்தைகளுக்குப் பால், துணி, மருந்து. எல்லாமே உங்கள் "பட்டியல்" தான்!

கேள்விக்குறி:
பிரிஸ்டல் அநாதை இல்லத்து ஜார்ஜ் முல்லரைப் பற்றியும் இதையே சொல்வார்கள். ஆனால் அவர் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார். அதைப் படித்த மனிதர்கள் கொடுத்தார்கள்.

நவநாள் பக்தன்:
மனிதர் வழியாகத்தான் வரும் என்பதை நாங்கள் எப்போது மறுத்தோம்? காகம் கொண்டுவந்தது எலியாவுக்கு மட்டும்.

கேள்விக்குறி:
சரி, கடைசியாக ஒன்று. சித்தி, நீங்கள் அப்படி ஒரு நோயாளி வீட்டுக்குப் போனால் என்ன செய்வீர்கள்? கொள்கை வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.

எஸ்தர்சித்தி:
முதலில் எதற்காக ஜெபிக்கட்டும் என்று நோயாளியிடமே கேட்பேன். பல பேர் சுகத்தைச் சொல்வதில்லை. ராத்திரி தூக்கம் வர வேண்டும், மகன் துபாயிலிருந்து வர லீவு கிடைக்க வேண்டும் என்பார்கள். அதைக் கேட்பேன், சுகத்தையும் கேட்பேன், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போக மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும், துணைக்கு ஆள் இருக்கிறதா என்று விசாரிப்பேன். இல்லையென்றால் நானே போவேன். "சுகமாகிவிடும்" என்ற வார்த்தை என் வாயில் வராது, அது எனக்குத் தெரியாத விஷயம்.

தாமிரபரணிக்கரை:
இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் போதகர் சொன்னது இது இல்லை, தீர்ப்பை மாற்றுவார் என்றார். எசேக்கியாவுக்குக் கூடின வருஷங்களில்தான் பாபிலோன் தூதர்களுக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டினதும், அதெல்லாம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும் என்று ஏசாயா சொன்னதும் நடந்தது, ஏசாயா 39. கேட்டது கிடைத்ததே எப்போதும் நன்மை என்று அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்ச் சொல்லட்டும். வரும் வாரம் அவரிடமே கேட்கப் போகிறேன்.