கார் கதவு ஸ்பீக்கரில் பேஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பெருந்துறை ரோடு:
மூன்று மாதம் ஆகிறது, அந்த இரண்டு உள்ளங்கையும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் புதிதாகப் போட்டும் முன்கதவில் பேஸ், அதாவது அடித்தொனி, இல்லை, தகர டப்பா சத்தம்தான். விற்ற கடையில் "ஐம்பது மணி நேரம் ஓட்டோணுங்க, அப்பத்தான் இளகும்" என்றார்கள். ஓட்டினேன், இளகவில்லை. அப்புறம் கண்ணாடி இறங்கவில்லை என்று ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனபோது அங்கிருந்த அண்ணன் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினார், பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. உள்தகட்டில் முழங்கை வரைக்கும் போகிற ஓட்டை, அதை மூடியிருந்த பாலிதீன் தாள் கிழிந்து தொங்கியது. அவர் இரண்டு கையையும் விரித்து ஓட்டையை அப்படியே பொத்தினார். தவில்காரர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கையை எடுத்தார், போய்விட்டது. "ஸ்பீக்கரோட கூம்பு, அதான் கோன், முன்னாடி தள்றப்ப பின்னாடி இழுக்குதுங்க தம்பி, ரெண்டும் இந்தப் பொந்து வழியாச் சேந்து ஒண்ணை ஒண்ணு தின்னுருது" என்றார். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், அதற்கு அரையடி சுற்றிவருவது ஒரு தூரமே இல்லை. அதனால்தான் அலை குட்டையான பாடகர் குரல் தப்பிக்கிறது, பேஸ் மட்டும் காணாமல் போகிறது. அடுத்த வாரமே ப்யூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும், ஒட்டுகிற ரப்பர் தாள்) வாங்கி எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டேன்.

நொய்யல் கரை, திருப்பூர்:
எனக்கு ஓட்டை பிரச்சினை இல்லை, ஒயர். என் பையன் பின்சீட்டில் இருந்து எக்கி, சத்தத்தை இடம் வலம் பிரிக்கிற பேலன்ஸை இடது பக்கம் முழுசாகத் தள்ளிவிட்டான், அந்த நிமிடம் பேஸ் வந்தது! ஒரு ஸ்பீக்கர் பாடும்போது இருக்கிற பேஸ் இரண்டும் பாடும்போது இல்லை. அவினாசி ரோட்டில் ஓரமாக நிறுத்தி, நடுவில் வைத்தேன், செத்தது. வலது பக்கம் தள்ளினேன், வந்தது. மாட்டியவர் ஒரு கதவில் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஒன்று தள்ள மற்றது இழுத்திருக்கிறது. ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் செல்லின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஒரு வருடம் இப்படியே கேட்டிருக்கிறேன்.

ஆனைமலை மழை:
பெருந்துறை அண்ணா, "எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டேன்" என்று நீங்கள் எழுதியது மனசுக்குச் சரியாகப் படவில்லை. கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டையுமா? நான் அதைத்தான் செய்தேன். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஆடி மாதம், நல்ல மழை. ஒன்பதாவது வளைவில் கதவுக்குள் குடத்தை ஆட்டுகிற மாதிரி "களக்" என்று ஒரு சத்தம். பத்தாவதில் திரும்பவும். மேலே போய்ச் சேருகிற வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தண்ணீர் முன்னும் பின்னும் ஓடியதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். கண்ணாடி ஓர ரப்பர் பீடிங் வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அது கீழே வடிய வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டிய ஸ்பீக்கர் ரிங் பணியாரம் மாதிரி உப்பிப் போயிருந்தது. உள்தகட்டு ஓட்டையை மூடுங்கள், அடியைத் தொடாதீர்கள்.

கோபி வாய்க்கால்:
என் கதை சின்னது. சத்தி போகும் வழியில் பேஸை முழுசாக ஏற்றினேன், பொசுங்கிய வாசனை, ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது.

ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கார் ஸ்டீரியோ செட்டின் பெட்டியில் 50 வாட் நாலு சேனல் என்று போட்டிருக்கும், அது நொடிப்பொழுது உச்சம். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தொடர்ந்து வருவது சுமார் 20 வாட்தான். பேஸில் 3 டெசிபல் ஏற்றினால் இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 என்றால் நாலு மடங்கு, அது இல்லாதபோது அலை உடைந்து காயில்தான் சூடாகும். ஆகவே கதவு ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலியை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே டிக்கியில் ஒரு சப்ஊஃபர், பேஸுக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர், பார்த்துக்கொள்ளட்டும். ஷீட்டைப் பற்றியும்: தகடு முழுக்க ஒட்டிக் கதவைக் கனக்க வைக்க வேண்டாம். வெளித்தகட்டைத் தட்டிப் பாருங்கள், டங் என்கிற நடுப்பகுதிக்கும் ஸ்பீக்கரின் முதுகுக்கு நேரே இருக்கும் இடத்துக்கும் ஒட்டினால் போதும், ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ரோலரால் அழுத்தி. தார் ஷீட் மலிவு என்று வாங்காதீர்கள், சித்திரை வெயிலில் இளகி நாறும். ஸ்பீக்கருக்கும் டோர் பேடுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் பாதிச் சத்தம் பேடுக்குள்ளேயே சுற்றும், நுரை வளையம் ஒட்டி அதையும் அடையுங்கள்.

நொய்யல் கரை, திருப்பூர்:
சப்ஊஃபர் எல்லாருக்கும் எதற்குங்க? ஒயரைச் சரியாக மாற்றியதில் எனக்குத் தவில், மிருதங்கம் எல்லாம் கதவிலேயே நிறைவாக வருகிறது. டிக்கியில் எனக்குத் துணிப் பீஸ் மூட்டை ஏற்ற வேண்டும்.

பெருந்துறை ரோடு:
ஆனைமலைத் தம்பி எழுதியதைப் படித்ததும் எழுந்து போய்க் கதவுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். இடது கதவில் இரண்டும் திறந்திருக்கின்றன. டிரைவர் பக்கத்தில் ஒன்றின் மேல் ஷீட்டின் ஓரம் ஏறியிருக்கிறது, இன்னொன்றில் சேறு. தென்னை ஈர்க்கால் குத்தினேன், ஒரு டம்ளர் அளவுக்குச் செம்மண் தண்ணீர் வந்து கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை பேடைக் கழற்றி அந்த ஓரத்தை வெட்டப் போகிறேன்.