தேரா புகையிலைக் கடையில் கேட்டது

ஏகாதிபத்திய எதிர்ப்பு, இஸ்லாமிய அரசியல் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் அதைக் கற்றது ஒரு கடையில். துபாய் தேராவில், மசாலா சந்தையை ஒட்டிய சந்தில் ஓர் ஈரானியப் பெரியவர், குங்குமப்பூவும் காய்ந்த எலுமிச்சையும் கல்யான் என்ற ஈரானிய ஹூக்காவுக்குப் போடும் தம்பாக்குப் புகையிலையும் விற்பார். சரக்கு இறக்கப் போகிற நாட்களில் டீ கொடுத்து உட்காரவைப்பார். பேச்சு ஹிந்தியில்தான், நான் சாச்சா என்பேன்.

காஸா போர் நடந்துகொண்டிருந்த நேரம். அதைக் கண்டித்துப் புறக்கணிக்கச் சொன்ன ஒரு குளிர்பானத்தைக் குடிக்காமல் விட்டால் எவனுக்கு என்ன நஷ்டம் சாச்சா என்று சலித்துக்கொண்டேன். சாக்கிலிருந்து ஓர் இலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழுப்பு நிறம், நரம்பெல்லாம் தடித்து, தொட்டாலே நொறுங்கியது. "இதை மட்டும் நாங்கள் விட்டோம். ஷா பணிந்தார்" என்றார்.

1890இல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா, நாட்டின் புகையிலையை வாங்க, விற்க, ஏற்றுமதி செய்ய மொத்த உரிமையையும் டால்பட் என்ற ஆங்கிலேய மேஜருக்கு 50 வருடத்துக்கு எழுதிக்கொடுத்தார். பதிலுக்கு வருடம் 15,000 பவுண்டும் லாபத்தில் கால் பங்கும். அப்புறம் பயிரிட்டவன் யாருக்கு விற்பது என்று அவனே முடிவுசெய்ய முடியாது. 1891இல் ஷிராஸ், தப்ரீஸ், மஷ்ஹத், இஸ்ஃபஹான் என்று ஊர் ஊராகக் கொதித்தது. ஷா நாடு கடத்திய, ஏகாதிபத்தியத்தை எதிர்த்த சிந்தனையாளர் ஜமாலுத்தீன் ஆப்கானி, பஸ்ராவிலிருந்து பெரிய முஜ்தஹித் (மார்க்கச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதியுள்ள ஷியா அறிஞர்) மிர்சா ஹசன் ஷிராஸிக்குக் கடிதம் எழுதினார். ஷிராஸி இருந்தது அன்று உஸ்மானிய ஆட்சிக்குட்பட்ட, இன்றைய இராக்கின் சாமர்ராவில். அந்த டிசம்பரில் அவர் பெயரில் ஃபத்வா வந்தது: புகையிலையை எந்த வகையில் பயன்படுத்தினாலும் அது காலத்தின் இமாமை, அதாவது ஷியாக்கள் வருகைக்குக் காத்திருக்கும் இமாமை, எதிர்த்துப் போரிடுவது போல. இந்தியாவை எட்டுவதற்கென்று ஆங்கிலேயர் ஈரான் வழியாகத் தந்திக்கம்பி இழுத்திருந்த காலம் அது. செய்தி பரப்ப ஆலிம்களுக்கும் (மார்க்க அறிஞர்கள்) வியாபாரிகளுக்கும் அதே தந்திதான் கைகொடுத்தது. அரண்மனை அந்தப்புரத்திலேயே கல்யானை ஓரம் கட்டிவிட்டார்கள் என்று சாச்சா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு மாதத்துக்குள், 1892 ஜனவரியில், குத்தகை முழுசாக ரத்து. ஷிராஸியும் தடையை நீக்கினார்.

இதை ஆலிம்களின் வெற்றி என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபத்வா அவ்வளவு வேகமாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததென்றால், கடைத்தெருவும் பயிரிட்டவனும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்ததால்தான். கசப்பும் உண்டு. குத்தகை எடுத்த ஆங்கிலேயக் கம்பெனிக்கு நஷ்டஈடு 5 லட்சம் பவுண்டு. அதைக் கொடுக்க ஆங்கிலேயரின் இம்பீரியல் வங்கியிடமே கடன் வாங்கினார்கள், ஈரான் வெளிநாட்டாரிடம் வாங்கிய முதல் கடன் அது.

அப்படியென்றால் ஜெயித்தது யார் சாச்சா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டனாரின் அப்பா ஷிராஸில் தம்பாக்கு வியாபாரி. தடை இருந்தவரை ஒரு இலைகூட விற்கவில்லை, அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக் கம்பளங்களை விற்றுத்தான் சாப்பிட்டார்களாம். "அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்று சொல்லிவிட்டு, என் கையில் நொறுங்கிக் கிடந்த தூளைத் திரும்ப வாங்கிச் சாக்கிலேயே தட்டிக்கொண்டார்.