அமெரிக்க மேட்ச்: கே.எல்., பினாங்கிலிருந்து விண்ணப்பிச்சவங்க எழுதுங்க

இங்கே ஹவுஸ்மேன் முடிச்சுட்டு அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது அங்கே ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக்குப் போடுற டாக்டர் தம்பி தங்கச்சிகளுக்காக இந்த இழை. மேட்ச்னா, விண்ணப்பதாரரும் பயிற்சி புரோகிராமும் தர்ற விருப்ப வரிசைகளை வச்சு கணினி இடம் ஒதுக்குறது. ஸ்டெப் (அமெரிக்க டாக்டர் லைசென்ஸ்) பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறதுன்னு வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். மலேசியாவில் இருந்துகிட்டு போடும்போது எங்கே இடறுதுன்னு மட்டும் சொல்லுங்க. பேருக்குப் பதிலா உங்க இடத்தைப் போட்டா போதும்.

செராஸ்:
முதல் இடறல் பேருதான். நம்ம ஐசியில் ஏ/எல், ஏ/பி இருக்கும். பாஸ்போர்ட்டில் முழுப் பேரும் ஒரே வரியா ஓடும். வெளிநாட்டில் படிச்ச டாக்டர்களைச் சரிபார்க்கிற அமெரிக்க அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி.யோட ஃபாரமோ முதல் பேரு, கடைசிப் பேருன்னு பிரிச்சுக் கேட்கும். அப்பா பேரைக் கடைசிப் பேரா போட்டுட்டு, பட்டச் சான்றிதழில் வேற எழுத்து இருந்தா சரிபார்ப்பு அங்கேயே நின்னுடும். கணக்கு திறக்கிற அன்னைக்கே பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. பரீட்சை நடக்கிற பிரோமெட்ரிக் மையத்து வாசலிலும் இதே கதைதான். பரீட்சை பெர்மிட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப் போகலைன்னா உள்ளே விட மாட்டாங்க.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை ஓ.இ.டி.யில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூணுலயும் 350, எழுத்தில் 300 வேணும். எல்லாம் ஒரே அமர்வில். இங்கிலீஷ் மீடியம்னு அலட்சியமா போய் எழுத்தில் மாட்டுறவங்க உண்டு. அங்கே பார்க்கிறது இலக்கணத்தை மட்டும் இல்ல, ரெஃபரல் லெட்டரில் எதை விடணும்னு தெரியுதாங்கிறதையும்தான்.

ஜெலுத்தோங்:
சிபாரிசுக் கடிதம் பத்தி. ஒரு புரோகிராமுக்கு நாலு வரைக்கும் அனுப்பலாம். எழுதுறவரே போர்ட்டலில் ஏத்தணும், நாம வாங்கிக் கொடுக்க முடியாது. நம்ம ஊர் ஸ்பெஷலிஸ்ட் பலர் "நேரத்துக்கு வருவார், கடினமா உழைப்பார்"னு நாலு வரி எழுதிடுவாங்க. அது அங்கே எடுபடாது. எந்த நோயாளி, என்ன யோசிச்சார், ராத்திரி ஒன்-காலில் என்ன முடிவெடுத்தார்னு இருக்கணும். கேட்கும்போதே நீங்க பார்த்த இரண்டு கேஸை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துடுங்க. அமெரிக்காவில் கிளினிக்கல் அனுபவம் எடுத்த இடத்துக் கடிதம் ஒண்ணாவது இருந்தா எடை கூடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
நேரக்கணக்கு யாரும் சொல்லலையே! இன்டர்வியூ பெரும்பாலும் அக்டோபரில் இருந்து ஜனவரி வரை, ஆன்லைனில். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால தள்ளுவாங்க. அதுக்கு முன்னாடி நியூயார்க் காலை 9 நமக்கு இரவு 9. அதுக்கப்புறம் இரவு 10. சிகாகோவுக்கு 13 மணி வித்தியாசம் 14 ஆகும். சீசன் நடுவில் இது மாறுறதால, அக்டோபரில் குறிச்சு வச்ச நேரத்தை அப்படியே நம்பிடாதீங்க. அழைப்பு மெயிலும் அவங்க பகலில்தான் வரும். நாம காலையில் எழுந்து பார்க்கிறப்போ நல்ல தேதியெல்லாம் போயிருக்கும், அதனால அந்த மெயிலுக்கு மட்டும் தனி ரிங்டோன் வையுங்க. ரோஸ்டர் போடுறவர்கிட்ட இன்டர்வியூ ராத்திரிக்கு ஒன்-கால் வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அப்புறம், தீபாவளி சமயம். தாமானில் வெடி போடுவாங்க. மைக் வச்ச ஹெட்செட் இல்லாம உட்காராதீங்க.

ஈப்போ ரோடு:
அண்ணே, ரேங்க் லிஸ்டில் (நாம தர்ற விருப்ப வரிசையில்) பெரிய புரோகிராமை மேலே போட்டா, கீழே இருக்கிறது கைவிட்டுப் போயிடாதா?

பிரிக்ஃபீல்ட்ஸ்:
போகாது தம்பி. இந்தப் பயத்துலதான் நிறைய பேர் லிஸ்டைக் கெடுத்துக்கிறாங்க. 1998 மேட்ச்சில் இருந்து இருக்கிற முறை விண்ணப்பதாரர் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்குது. கணினி முதல்ல உங்க 1-ஆம் இடத்தைத் தட்டும். அங்கே இடம் இருந்தா, இல்ல ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவரை விட உங்களை அவங்க மேலே போட்டிருந்தா, தற்காலிகமா உட்கார வைக்கும். இல்லைன்னா 2-ஆம் இடம். 2-இல் அந்த புரோகிராம் உங்களை விடக் கீழே போட்டிருக்கிறவர் முன்னாடியே உட்கார்ந்திருந்தாலும் அவரை எழுப்பிட்டு உங்களுக்குக் கொடுக்கும். ஆக, மேலே ஆசைப்பட்டதால கீழே எதுவும் நஷ்டம் ஆகாது. எங்கே கிடைக்கும்னு கணக்குப் போடாம, எங்கே போக ஆசையோ அந்த வரிசையில் போடுங்க. போக மனசில்லாத இடத்தை மட்டும் சேர்க்காதீங்க. மேட்ச் ஆனா கட்டுப்பட்டே ஆகணும்.

லிஸ்டில் எதையாவது மாத்தினா மறுபடி சர்டிஃபை பண்ணணும் (உறுதி செய்யணும்), அதை மறக்காதீங்க. ரேடியாலஜி, டெர்மட்டாலஜி மாதிரி இரண்டாம் வருஷத்தில் தொடங்குற இடங்களுக்கு, முதல் வருஷ பிரிலிமினரி இடங்களைத் துணை லிஸ்டில் கோக்கணும். விட்டுட்டா இரண்டாம் வருஷம் கையில் இருக்கும், முதல் வருஷத்துக்கு இடம் தேடி அலையணும்.

ஜெலுத்தோங்:
மார்ச்சில் மேட்ச் வாரம் முழுசுக்கும் லீவு போடுங்க. திங்கள் அன்னைக்கு மேட்ச் ஆச்சா இல்லையான்னு மட்டும் தெரியும். ஆகலைன்னா சோப் (SOAP), அதாவது மேட்ச் ஆகாதவங்க அந்த வாரமே மீதி இடங்களுக்குப் போடுற சுற்று. அதில் 45 புரோகிராம் வரைக்கும் போடலாம். அவங்களா கூப்பிடுற வரைக்கும் நாம எந்த புரோகிராமையும் தொடர்பு கொள்ளக் கூடாது. எங்கேன்னு தெரியறது வெள்ளிக்கிழமை நியூயார்க் நேரப்படி நண்பகல், நமக்கு நள்ளிரவு 12.

செராஸ்:
அதுக்கப்புறம் ஜே-1 விசா (பயிற்சிக்குப் போறவங்களுக்கான பரிமாற்ற விசா). கே.கே.எம். (சுகாதார அமைச்சு) கிட்டயிருந்து, இந்தத் துறையில் நாட்டுக்கு டாக்டர் தேவைன்னு சொல்ற தேவைக் கடிதம் வேணும். வாசகம் அமெரிக்க விதியில் சொல்லியிருக்கிறபடியே இருக்கணும், துறை பேரும் மேட்ச் ஆன துறையாவே இருக்கணும். வேலை பெரும்பாலும் ஜூலையில் தொடங்கிடும், அதனால புத்ராஜெயாவில் யார்கிட்ட, என்ன பாரம்னு மார்ச்சுக்கு முன்னாடியே விசாரிச்சு வையுங்க. பின்னாடி கார்டியாலஜி ஃபெலோஷிப் போனா அதுக்குப் புதுக் கடிதம். ஜே-1இல் பயிற்சி முடிஞ்சா இரண்டு வருஷம் நாடு திரும்பணும். எச்-1பி (வேலை விசா) வழி வேணும்னா ஸ்டெப் 3 முன்னாடியே பாஸ் ஆகியிருக்கணும், அந்தப் பரீட்சையை அமெரிக்காவுக்குப் போய்த்தான் எழுத முடியும். டிக்கெட் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்குங்க.